எட்டே முக்காலுக்கு மைக்கைக் கொடுத்தால் யார் கேட்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

ஜூலை 1 அன்று ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) ஆகிய சேவைச் சங்கங்களில் புது நிர்வாகிகள் பொறுப்பேற்கிறார்கள். அதையொட்டி நெல்லை, தென்காசி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

எங்கள் சங்கத்தில் இந்த ஆண்டு நிகழ்ச்சிப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. போன ஆண்டு சிறப்புப் பேச்சாளர் எழுந்து நிற்கும்போதே மணி எட்டே முக்கால் ஆகிவிடும், பின்வரிசை காலி. எதை மாற்றலாம்?
– அம்பாசமுத்திரம் வாசகர்

முதலில் வரிசையை மாற்றுங்கள். பெரும்பாலான சங்கங்களில் தலைவர் மணி அடித்ததும் இறைவணக்கம், தலைவர் உரை, செயலாளர் அறிவிப்பு, பிறந்தநாள், திருமணநாள், போன வாரத்து முகாம் படம், நாலு பேர் வாழ்த்துரை என்று போய், கடைசியில்தான் விருந்தினர். அதற்குள் பந்திக்கூடத்திலிருந்து சொதி மணம் வந்துவிடும். சொதியோடும் இஞ்சித் துவையலோடும் போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் யாருமில்லை.

இப்படி வைத்துப் பாருங்கள். 6.45க்கு டீ, சுண்டல். 7.00க்கு மணி, எத்தனை பேர் வந்திருந்தாலும் 7.00தான். வணக்கப் பாடலும் தலைவரின் மூன்று நிமிடமும் 7.10க்குள் முடியட்டும். பேச்சாளர் அறிமுகம் இரண்டு நிமிடம், பேச்சு 25 நிமிடம், கேள்விகள் பத்து நிமிடம். 7.50க்கு நன்றியுரையும் நினைவுப் பரிசும் முடிந்துவிடும். அறிவிப்பு, பிறந்தநாள், சார்ஜண்ட் (கூட்ட ஒழுங்கைக் கவனிக்கும் உறுப்பினர்) வசூலிக்கும் ஃபைன் எல்லாம் அதற்குப் பிறகு. அவசரமாக ஊர் திரும்ப வேண்டிய விருந்தினரும் மரியாதையாக விடைபெறலாம். பொன்னாடை ஒன்று போதும். ஆளுக்கொன்று போர்த்தினால் படம் எடுக்கவே பத்து நிமிடம் போய்விடும்.

அழைப்பை ஐந்து வாரம் முன்னால் தொடங்குங்கள். போனில் சம்மதம் வாங்கியதும் அன்றே எழுத்தில் அனுப்பவேண்டியவை: தேதி, கிழமை, மண்டபத்தின் மேப், அவர் மைக் பிடிக்கும் நேரம் (கூட்டம் தொடங்கும் நேரத்தை மட்டும் சொன்னால் போதாது), எத்தனை நிமிடம், எத்தனை பேர், அவர்கள் யார், தமிழிலா ஆங்கிலத்திலா. ‘முப்பது பேர், பாதி வியாபாரிகள், நாலைந்து டாக்டர்கள், சிலர் குடும்பத்தோடு வருவார்கள்’ என்று எழுதினால் அவர் பேச்சையே வேறு மாதிரி தயாரித்து வருவார். மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல், அன்று காலை இன்னொன்று. நெல்லையிலிருந்து அம்பைக்குச் சுமார் 35 கிலோமீட்டர். சேரன்மகாதேவி வழியில் மாலை நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு கார் அனுப்புங்கள். திரும்பிப் போவதற்கும் அந்தக் காரே பொறுப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு அவரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது முறையல்ல.

அறிமுகக் குறிப்பை ஐந்து வரியில் நீங்களே எழுதி அவருக்கு அனுப்பி, இனிஷியலும் பதவியும் சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழு வாழ்க்கைக் குறிப்பையும் மேடையில் வாசித்தால் அவர் பேச வந்ததில் பாதியை நீங்களே பேசியதாகும்.

கருவிகளில்தான் அதிகம் சொதப்புகிறது. மைக் ‘ஊய்’ என்று கத்தினால், ஒலிபெருக்கிப் பெட்டி மைக்குக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். பெட்டியில் வரும் சத்தமே மறுபடி மைக்குக்குள் போகிறது. பெட்டிகளை மைக்குக்கு முன்னால் தள்ளி, சபையைப் பார்த்துத் திருப்புங்கள். பேச்சாளரின் தமிழ் எழுத்து நம் லேப்டாப்பில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். முதல் நாளே பிடிஎஃப் ஆக வாங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ இணைப்பு மட்டுமே இருக்கும், புது லேப்டாப்பில் அது இருக்காது, பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐதான். இடையில் போடும் கன்வர்ட்டர் ஒன்று சங்கப் பெட்டியில் நிரந்தரமாகக் கிடக்கட்டும். நாற்பது பேர் வருவார்கள் என்றால் முப்பது நாற்காலி போட்டு மீதியை ஓரமாக அடுக்கி வையுங்கள். அறுபது போட்டால் நாற்பது பேர் வந்தாலும் காலியாகத்தான் தெரியும்.

மாதம் இரண்டு கூட்டம். அத்தனைக்கும் பேச்சாளருக்கு எங்கே போவது?
– களக்காடு வாசகர்

உங்கள் ஊரிலிருந்து கேட்கிற கேள்வியா இது! களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக அதிகாரியைக் கூப்பிட்டு, தோட்டத்துக்குள் பன்றியும் யானையும் வந்தால் இழப்பீட்டுக்கு யாரிடம், எப்படி எழுதிக் கொடுக்கவேண்டும் என்று பேசச் சொல்லுங்கள். அன்று கூட்டம் நிரம்பும். கூந்தன்குளத்தில் பறவைகள் வரும் மாதங்களில் அந்த ஊர்க்காரர் ஒருவரை அழைக்கலாம். தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் திறக்கும் முறை பற்றி நீர்வளத் துறைப் பொறியாளர், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர் என்று பட்டியல் நீளும். பாய் நெய்பவரைப் பேசச் சொல்லாதீர்கள், கோரையையும் நூலையும் கொண்டுவந்து செய்து காட்டச் சொல்லுங்கள். இணைய மோசடி பற்றி சைபர் கிரைம் காவலர் வந்தால், பணம் போனதும் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணை எல்லோர் போனிலும் அங்கேயே பதிய வையுங்கள்.

அரசு அதிகாரி என்றால் அலுவலகத் தலைமைக்குக் கடிதம் கொடுங்கள். ‘தலைப்பு உங்கள் விருப்பம்’ என்று எழுதினால் துறைச் சாதனைப் பட்டியல்தான் வரும். கேள்வியாகவே தலைப்பைக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வருவாய், நீர்வளத் துறைக்காரர்களை நம்பித் தேதி வைக்காதீர்கள். யாராயிருந்தாலும் கடைசி நிமிடத்தில் வரமுடியாமல் போகலாம் என்பதால், உறுப்பினர் ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசும் இருபது நிமிடப் பேச்சு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். அரிசி மில்காரர் ஈரப்பதம் பார்ப்பதைச் சொன்னால் வெளியூர்ப் பேச்சாளரைவிட ஆர்வமாகக் கேட்பார்கள்.

கட்சி அரசியல் மேடையேறக் கூடாது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாலிசி, மனை விற்க வருபவரையும் அப்படியே.

பேச்சாளருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?
– வள்ளியூர் வாசகர்

வழக்கமில்லை. போக்குவரத்தும் சாப்பாடும் சங்கத்தின் பொறுப்பு. கைத்தொழில் செய்பவரை அழைத்தால் மட்டும் அன்றைய கூலி போகாதபடி ஒரு தொகையை உறையிலிட்டு, மேடைக்கு வெளியே கொடுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. சேவைச் சங்கத்தில் சேர ஆசை. யாராவது அழைத்தால்தான் சேர முடியுமா? எவ்வளவு செலவாகும்?
– பாளையங்கோட்டை வாசகி

அழைப்பின் பேரில் சேர்ப்பதுதான் மரபு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தெரிந்த உறுப்பினரிடம் ‘ஒரு கூட்டத்துக்கு விருந்தினராக வரட்டுமா?’ என்று கேளுங்கள், சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள். 1905இல் தொடங்கிய ரோட்டரி 1989இலும், 1917இல் தொடங்கிய அரிமா சங்கம் 1987இலும்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. இப்போது தடையில்லை என்றாலும் சில ஊர்களில் பெண்கள் ஒருவர் இருவராகத்தான் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கென்றே இன்னர் வீல் இருக்கிறது. வயது 18க்கும் 40க்கும் இடையில் என்றால் ஜேசீஸும் உண்டு.

மூன்று கூட்டமாவது பார்த்துவிட்டு விண்ணப்பம் கொடுங்கள். ஓர் உறுப்பினர் முன்மொழிவார், நிர்வாகக் குழு பார்க்கும், பிறகு ஒரு கூட்டத்தில் சங்கச் சின்னத்தை உடையில் குத்தி உறுப்பினராக ஏற்பார்கள்.

பணத்தில் ஏமாறாமல் இருக்க, ‘சந்தா எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். ‘போன ஆண்டு ஓர் உறுப்பினர் மொத்தம் எவ்வளவு கட்டினார்?’ என்று கேளுங்கள். சேர்க்கைக் கட்டணம், சர்வதேசச் சந்தா, மாவட்டச் சந்தா (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவுக்கு), சங்கச் சந்தா (சாப்பாடு இதில்தான்) என்று நான்கு உருப்படி. சர்வதேசச் சந்தா டாலர் கணக்கு. ரூபாய் மதிப்பு மாறினால் தொகையும் மாறும். இவற்றுக்கு வெளியே மாவட்ட மாநாடு, குடும்பச் சுற்றுலா, திட்டங்களுக்கான பங்கு என்று வருபவைதான் சம்பளக்காரர்களைத் திணறடிக்கும். எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்துச் சொல்லாத சங்கத்தில் சேர யோசியுங்கள்.

புதிதாகப் பத்துப் பேரைச் சேர்த்தோம், ஆண்டு முடிவதற்குள் ஆறு பேர் வருவதில்லை. அவர்கள் சந்தாவையும் சங்கமே கட்டுகிறது. என்ன செய்ய?
– தென்காசி வாசகர், சங்கச் செயலாளர்

பணம் முதலில். சர்வதேசத் தலைமையகம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும், பதிவேட்டில் உள்ள தலைகளை எண்ணி பில் போடுகிறது. ரோட்டரியில் அந்த எண்ணிக்கைக்கான நாள் ஜூலை 1, ஜனவரி 1. விலகியவரின் பெயரை ஜூலை 5 அன்று எடுத்தால் அந்த அரையாண்டுத் தொகை உங்கள் தலையில்தான். அதனால் ஜூன் முதல் வாரமும் டிசம்பர் முதல் வாரமும் வராதவர்களை நேரில் பார்த்து, தொடர்கிறீர்களா என்று கேட்டு, இல்லையென்றால் எழுத்தில் வாங்கி, 30ஆம் தேதிக்கு முன்பே பதிவை மாற்றுங்கள். முகத்தாட்சண்யம் பார்த்தால் சங்கக் கணக்கில் ஓட்டைதான்.

ஆட்கள் ஏன் நிற்பதில்லை? எண்ணிக்கை காட்டச் சேர்த்தீர்கள், வேலை கொடுக்கவில்லை. சேர்ந்த முதல் மாதமே ஒரு மேசையைக் கொடுங்கள். ரத்ததான முகாமின் பதிவு மேசை இதற்கு நல்லது. வயது 18 முதல் 65 வரையா, எடை 45 கிலோவுக்குக் குறையவில்லையா, கடைசியாக ரத்தம் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகிவிட்டதா, காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டு எழுதும் வேலை. ஹீமோகுளோபின் 12.5க்குக் குறைந்தால் திருப்பி அனுப்பவேண்டும். அதை முகம் வாடாமல் சொல்வது அந்த மேசைக்காரர் பாடு. மதியம் முகாம் முடியும்போது அவருக்கு ஊரில் நாற்பது பேரைத் தெரிந்திருக்கும்.

சங்கத்துக்குக் கட்டிய சந்தாவுக்கு 80ஜி வரிச்சலுகை உண்டா?
– பேட்டை வாசகர்

இல்லை. சந்தா என்பது நன்கொடை ஆகாது. சங்கம் தனியாக அறக்கட்டளை வைத்து, அதற்கு அந்த அங்கீகாரம் வாங்கியிருந்தால், அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு உண்டு. ரசீது அறக்கட்டளை பெயரில்தானா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது; புதிய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

பதவியேற்பு விழாவுக்கு மண்டபம் கிடைப்பதில்லையே?
– நெல்லை டவுண் வாசகர்

ஆனி முகூர்த்தங்களோடும் நெல்லையப்பர் தேரோட்டத்தோடும் ஏன் மோதுகிறீர்கள்? ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபங்கள் காலி, வாடகையும் பேசிக் குறைக்கலாம், சமைக்கத் தவசுப்பிள்ளையும் கிடைப்பார். ஆடியில் பதவியேற்கலாமா என்று முணுமுணுப்பவர்களுக்கு, பொறுப்பு ஜூலை 1 அன்றே கைமாறிவிட்டது என்று சொல்லுங்கள்.