குட் டைம்ஸ்: பிடித்த எபிசோடுகள் பற்றிய கேள்வி பதில்

சிகாகோவில் ஒரு அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் அப்பா ஜேம்ஸ், அம்மா ஃப்ளோரிடா, பிள்ளைகள் ஜே.ஜே., தெல்மா, மைக்கேல். பக்கத்து வீட்டில் வில்லோனா. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1974 பிப்ரவரி 8 முதல் 1979 ஆகஸ்ட் 1 வரை ஆறு சீசன்களாக, 133 எபிசோடுகளாக ஓடிய கறுப்பினக் குடும்பத்தின் கதை இது. பிடித்த எபிசோடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஐந்தாவது சீசனில் பார்க்க ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: உங்களுக்கு ரொம்பப் பிடித்த எபிசோட் எது?

பதில்: ஒன்றோடு நிறுத்த முடியாது, இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, தொடரின் முதல் எபிசோடான 'டூ ஓல்ட் ப்ளூஸ்'. ஜேம்ஸுக்குத் தொழிற்சங்கப் பயிற்சி வேலை ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. தேர்வில் தேறிவிட்டார். வீட்டில் கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. போன இடத்தில் வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாசலில் வந்து நிற்கிற அந்த மனிதரின் முகத்தைப் பாருங்கள். வாடகைக்கே நாக்குத் தள்ளுகிற வீட்டில், சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? முதல் நாளே இப்படி ஒரு கதையை வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. 'உனக்கு வயதாகிவிட்டது' என்ற சொல்லைத் தாங்கி நின்று நடித்த ஜான் ஏமோஸுக்கு அப்போது 34 வயதுதான்.

இரண்டாவது, 1974இல் வந்த 'தி ஐ.க்யூ. டெஸ்ட்'. மைக்கேல் வீட்டிலேயே கெட்டிக்காரப் பிள்ளை. பள்ளியில் வைத்த அறிவுத்திறன் தேர்வில் அவனுக்கு மதிப்பெண் மோசம். விசாரித்தால், பாதியில் எழுந்து வந்திருக்கிறான். இந்தத் தேர்வு வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது என்கிறான். அதற்கு அவன் சொல்லும் எடுத்துக்காட்டை நான் மறக்கவே மாட்டேன். கோப்பையோடு சேர்வது எது? சுவர், சாசர் (கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறு தட்டு), மேசை, ஜன்னல். அவனுடைய நண்பன் மேசை என்று எழுதினான். அவன் வீட்டில் சாசர் கிடையாது, கோப்பையை மேசையில்தான் வைப்பார்கள். விடை தவறு!

இது வெறும் வசனமாக நின்றுவிடவில்லை. கறுப்பினப் பிள்ளைகளை இப்படிப்பட்ட தேர்வுகளை வைத்து 'மந்தமானவர்கள்' வகுப்பில் தள்ளுவதை எதிர்த்து கலிபோர்னியாவில் அப்போதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. லாரி பி. வழக்கு என்பார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் 1979இல் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் தீர்ப்பு வர ஐந்து வருடம் இருந்தபோதே, ஒரு சிறுவனை வைத்து அரைமணி நேரத்தில் ஊருக்கே புரியவைத்துவிட்டார்கள்.

கேள்வி: ஃப்ளோரிடா முன்பே வேறொரு தொடரில் வந்தவராமே?

பதில்: ஆமாம், 'மாட்' தொடரில் வீட்டு வேலைக்காரராக வந்தார். அங்கே கணவர் பெயர் ஹென்றி, தீயணைப்பு வீரர், ஊர் நியூயார்க் பக்கம். தனித் தொடராக ஆக்கியபோது ஹென்றி ஜேம்ஸ் ஆனார், ஊர் சிகாகோ ஆனது. உருவாக்கியவர்கள் எரிக் மாண்டியும் மைக் எவன்ஸும். தொடராக வளர்த்தெடுத்தவர் நார்மன் லியர்.

முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முதலில் யோசித்தது அப்பா இல்லாத வீடு: தனித்த தாய், மூன்று பிள்ளைகள். ஃப்ளோரிடாவாக நடித்த எஸ்தர் ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கணவர் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அப்பா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடிக்க மாட்டேன் என்றார். ஜேம்ஸ் எவன்ஸ் அந்த அம்மாள் போராடி வாங்கிய பாத்திரம். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கேள்வி: 'பிளாக் ஜீசஸ்' எபிசோட் சர்ச்சையானதாமே? கதை என்ன?

பதில்: இரண்டாவது வாரமே வந்தது. ஜே.ஜே. இயேசுவைக் கறுப்பராக வரைகிறான். அதற்கு முகம் கொடுத்தது அந்தத் தெருவின் குடிகாரர் நெட். அம்மா மாட்டியிருந்த பழைய இயேசு படத்தின் இடத்தில் மைக்கேல் இதை மாட்டுகிறான். வீட்டுக்கு வரிசையாக நல்லது நடக்கத் தொடங்குகிறது. ஃப்ளோரிடாவுக்கு மனம் ஒப்பவில்லை, சிறுவயதிலிருந்து அவர் கும்பிட்ட முகம் வேறு. மைக்கேலோ வேதத்தைத் திறந்து, தலைமயிரைப் பற்றிய வருணனையை வாசித்துக் காட்டுகிறான். இதில் யாருடைய பக்தியையும் கேலி செய்யவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இருவருக்குமே நியாயம் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திட்டுங்கள், பார்க்காமல் வேண்டாம்.

கேள்வி: காஸ்பி ஷோவில் எந்த எபிசோட் சிறந்தது?

பதில்: அது வேறு தொடர், வேறு காலம், டாக்டர் அப்பாவும் வக்கீல் அம்மாவும் உள்ள வீடு. அதில் ஊறியவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஜேம்ஸை ஏன் சாகடித்தார்கள்?

பதில்: ஜான் ஏமோஸ் மூன்றாவது சீசன் முடிந்ததும் நீக்கப்பட்டார். கதைகள் போகும் போக்கைப் பற்றி எழுத்தாளர்களோடு விடாமல் வாதாடினார். கறுப்பினக் குடும்பம் இப்படிப் பேசாது, இப்படி நடக்காது என்றார். மைக்கேலின் படிப்பு, தெல்மாவின் கனவு எல்லாம் ஓரத்துக்குப் போய், ஜே.ஜே.யின் கூத்து மட்டும் நடுவுக்கு வருகிறதே என்று கேட்டார். பக்குவமாகப் பேசத் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

நான்காவது சீசன் 1976 செப்டம்பர் 22 அன்று 'தி பிக் மூவ்' என்ற இரண்டு பாகக் கதையோடு தொடங்கியது. ஜேம்ஸுக்கு மிசிசிப்பியில் ஒரு கராஜில் பங்கு கிடைத்துவிட்டது. குடும்பமே மூட்டை கட்டுகிறது. அப்போது தந்தி வருகிறது: கார் விபத்து. இரண்டாம் பாகத்தில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே ஃப்ளோரிடா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஓடியாடி உபசரிக்கிறார். அம்மாவுக்குத் துக்கமே இல்லையா என்று மைக்கேலுக்கு ஆத்திரம். எல்லோரும் போனபின், பாத்திரங்களை எடுத்துவைக்கும்போது கையிலிருந்த பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்துக் கதறுகிறார். அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் துண்டை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய இருபது நிமிடம் அவர் அடக்கிய அடக்கம்தான் அந்தக் கிண்ணத்தை உடைக்கிறது.

கேள்வி: ஜேம்ஸாக நடித்தவர் அவராகவே விலகினாரா?

பதில்: இல்லை. நீக்கப்பட்டார். இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நீங்கள் ஜே.ஜே.யைக் குறைத்துப் பேசுகிறீர்கள். 'டை-னோ-மைட்!' என்று அவன் கத்தத்தானே ஊரே டிவி முன்னால் உட்கார்ந்தது? அவன் இல்லாமல் தொடர் இரண்டு வருடம்கூட ஓடியிருக்காது.

பதில்: ஜே.ஜே.யாக நடித்த ஜிம்மி வாக்கரை நான் குறைத்துப் பேசவில்லை. மேடை நகைச்சுவையில் தேர்ந்தவர் அவர். பின்னாளில் இரவு நேர நிகழ்ச்சித் தொகுப்பாளர்களான டேவிட் லெட்டர்மேனும் ஜே லெனோவும் பேர் வாங்குவதற்கு முன் அவருக்கு ஜோக் எழுதிக்கொடுத்தவர்கள். அந்த ஒற்றைச் சொல்லை எபிசோட் தவறாமல் சொல்ல வைத்ததில் இயக்குநர் ஜான் ரிச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. லியருக்கே முதலில் அதில் இஷ்டமில்லை.

என் வருத்தம் வேறு. சோறு இருக்கும்போது ஊறுகாய் ருசிதான். ஊறுகாயையே இலை நிறையப் பரிமாறினால்? எஸ்தர் ரோல் 1975இல் கறுப்பின வாசகர்களுக்கான எபோனி பத்திரிகையிலேயே இதைச் சொல்லிவிட்டார்: பதினெட்டு வயசுப் பையன், வேலையில்லை, படிப்பில்லை, இவனையா நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது என்று. கதாநாயகியே தன் தொடரைப் பற்றி இப்படிப் பேச வேண்டி வந்ததே.

கேள்வி (அதே நண்பர்): சிட்காம் என்றால் சிரிக்கத்தான். பாடம் நடத்த வேறு இடம் இருக்கிறது. வாக்கரும் தான் யாருக்கும் முன்மாதிரி இல்லை, சிரிக்க வைக்க வந்தவன் என்றுதானே சொன்னார்?

பதில்: சிரிப்பை யார் வேண்டாம் என்றது? சாசர் ஜோக்குக்குச் சிரிக்காதவர் உண்டா? வயதான பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்த இறைச்சிப் பதார்த்தம் நாய் உணவில் செய்ததோ என்று எல்லோரும் தட்டைப் பார்த்து முழிக்கும் 'தி டின்னர் பார்ட்டி' எபிசோடில் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பென்ஷனில் வயிற்றைக் கட்டி வாழும் கிழவிகளின் நிலைமையும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிரிப்பும் பசியும் ஒரே தட்டில் வந்த தொடர் இது.

கணக்கும் சொல்கிறேன். இரண்டாவது சீசனில், அப்பாவும் மகனும் சரிக்குச் சரி நின்றபோது, பார்வையாளர் கணக்கில் தொடர் நாட்டிலேயே ஏழாவது இடத்தில் இருந்தது. ஜே.ஜே. பெருகப் பெருக மூன்றாவது சீசனிலேயே இருபத்து நான்குக்கு இறங்கிவிட்டது. நான்காவதில் இருபத்தாறு.

கேள்வி (இன்னொருவர்): மூன்றாவது சீசனில் ஜேம்ஸும் இருந்தாரே. அப்புறம் ஏன் சரிந்தது? உங்கள் கணக்கு உங்களுக்கே எதிராகப் பேசுகிறது.

பதில்: ஆள் இருந்தார், இடம் குறைந்துவிட்டது. ஒளிபரப்பு நேரம், எதிர்ச் சேனல் என்று மற்ற காரணங்களும் சேர்ந்திருக்கும். எண்ணை மட்டும் வைத்து நான் ஜெயிக்கப் பார்த்தது தவறுதான். ஆனால் எபிசோடை வைத்துப் பேசுவோம். ஜே.ஜே. உளறும்போது ஜேம்ஸ் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வையில் அவன் அடங்கும்போது வரும் சிரிப்பு வேறு. பார்க்க ஆளில்லாத வீட்டில் அதே உளறல் வெறும் உளறல். இன்னொன்று: ஏமோஸுக்கும் வாக்கருக்கும் நிஜத்தில் எட்டு வயதுதான் வித்தியாசம். மனைவியாக நடித்த ரோலோ ஏமோஸைவிட பத்தொன்பது வயது மூத்தவர். அப்படியும் அந்த வீட்டில் அவர்தான் அப்பா என்பதில் யாருக்காவது ஒரு கணம் சந்தேகம் வந்திருக்குமா?

கேள்வி: டைட்டிலில் வரும் நடன ஓவியம் ஜே.ஜே. வரைந்ததா?

பதில்: எர்னி பார்ன்ஸ் வரைந்த 'தி சுகர் ஷாக்'. அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து ஓவியரானவர். ஜே.ஜே. வரைந்ததாகக் காட்டும் படங்களில் பலவும் அவருடையவை. பாடகர் மார்வின் கேயின் 1976 ஆல்பத்தின் அட்டையிலும் 'தி சுகர் ஷாக்' உண்டு. 2022 மே மாதம் ஏலத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் போனது.

கேள்வி: ஜேனட் ஜாக்சன் வரும் எபிசோடிலிருந்து ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஐந்தாவது சீசன். பென்னி என்ற அடிபட்ட குழந்தையாக அவர் வரும் நான்கு பாகக் கதை நல்ல கதை. பெற்ற தாயே இஸ்திரிப் பெட்டியால் சுடுவதைக் காட்டும் துணிச்சல் அன்று பெரிது. பதினோரு வயதுப் பிள்ளை அழகாக நடித்திருக்கிறாள். ஆனால் அப்போது ஜேம்ஸ் இல்லை, ஃப்ளோரிடாவும் இல்லை. ரோலும் ஒரு சீசன் விலகியிருந்தார். அப்பா அம்மா யாரென்று தெரியாமல் அந்த வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

கேள்வி: சிகாகோவின் காப்ரினி-கிரீன் குடியிருப்பில் போய்ப் படமெடுத்தார்களா?

பதில்: டைட்டிலில் வரும் கட்டடங்கள் அதுதான். மற்றதெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில், பார்வையாளர்கள் முன்னிலையில். கதையில் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. எரிக் மாண்டி அங்கே வளர்ந்தவர். கடைசி உயரக் கட்டடத்தையும் 2011இல் இடித்துவிட்டார்கள்.

கேள்வி: ஜேம்ஸ் ஏன் இறந்தார் என்று யாராவது சொல்லுங்களேன்.

பதில்: மேலே விரிவாக இருக்கிறது. மூன்றாவது முறை எழுத மாட்டேன்.

கேள்வி: தி ஃப்ரெஷ் பிரின்ஸில் அப்பா விட்டுவிட்டுப் போகும் எபிசோடைவிடவா இது பெரிது?

பதில்: 1994இல் வந்த அந்த எபிசோடில் மாமாவாக வரும் ஜேம்ஸ் ஏவரி, வில் ஸ்மித்தை அணைத்துக்கொள்ளும் இடம் எனக்கும் நெஞ்சை அடைக்கும். ஒப்பிட மாட்டேன்.

கேள்வி: ஏமோஸுக்கும் லியருக்கும் கடைசிவரை பகையா?

பதில்: இல்லை. வெளியேறிய சில மாதங்களிலேயே, 1977 ஜனவரியில் அடிமை வாழ்க்கையைச் சொல்லும் 'ரூட்ஸ்' தொடரில், அடிமையாக்கப்பட்ட ஆப்பிரிக்கர் குன்டா கின்டே வளர்ந்த பருவத்தவராக வந்து நின்றார் ஏமோஸ். லியரின் வேறொரு தொடரில் 1994இல் மறுபடி நடித்தார். 2019 டிசம்பரில் 'தி பாலிட்டீஷியன்ஸ்' எபிசோடை மேடையில் நேரலையாக மறுபடி நடித்தபோது ஜேம்ஸாக வந்தவர் ஆண்ட்ரே பிரவர். அரசியல்வாதி ஃப்ரெட் டேவிஸாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் ஜான் ஏமோஸ். நாற்பத்து மூன்று வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறார். அரங்கம் எழுப்பிய சத்தத்தில் வசனம் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. 2024 ஆகஸ்டில் காலமானார்.

கேள்வி (ஜே.ஜே. நண்பர்): சரி, 'டூ ஓல்ட் ப்ளூஸ்' போட்டுப் பார்க்கிறேன். ஆனால் அதிலும் ஜே.ஜே.தான் சிரிக்க வைப்பான்.

பதில்: வைப்பான். அப்பா உள்ளே வந்ததும் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். விளம்பரத்துக்காக வெட்டிய பிரதியில் பார்க்காதீர்கள், முழுசாகக் கிடைக்கும் இடத்தில் பாருங்கள்.