கென்யக் கடலோரத்துக்குப் பிள்ளைகளோடு: வாசகர் கேள்வி பதில்

தெற்கே வாங்கா தொடங்கி தியானி, மொம்பாசா, கிலிஃபி, வட்டாமு, மலிந்தி வழியாக வடக்கே லாமு வரை நீளும் கென்யக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்வருவது பற்றியும், அங்கே குழந்தைகளுக்கான தொண்டில் சேர்வது பற்றியும் வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கே: பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை. அப்போது போகலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். கென்யக் கரையில் அதுதான் பெருமழைக் காலம், மே மாதத்தில் உச்சம். தென்கிழக்கிலிருந்து 'குசி' காற்று அடிக்கத் தொடங்கும். கடல் கலங்கிவிடும், படகுகள் அடிக்கடி ரத்தாகும். சில விடுதிகள் பழுதுபார்ப்புக்காக மூடியே இருக்கும். மழைக்குப் பின் கொசுவும் பெருகும். கடல் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. ஆனால் அப்போது நம் பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். அரையாண்டு விடுமுறையில் போனால் அறை வாடகை ஏறிக் கிடக்கும், அங்கே பள்ளிகளும் மூடியிருக்கும்.

எங்கள் பரிந்துரை காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் குசி காற்று தணிந்துவிடும், சிறுமழை தொடங்கியிராது, அங்கே மூன்றாம் பருவப் பள்ளியும் நடந்துகொண்டிருக்கும். கூட ஒரு வாரம் விடுப்புக் கேட்டு வாங்குவது வீண் போகாது.

கே: மொம்பாசா பக்கம் மஞ்சள் காய்ச்சல் கிடையாது, ஊசி வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், மதுரை)

பாதி உண்மை, சிக்கலே அதில்தான். மொம்பாசா, குவாலே, கிலிஃபி, லாமு பகுதிகளில் நோய் வாய்ப்பு குறைவு. அங்கு மட்டும் போகிறவர்களுக்கு மருத்துவக் காரணத்துக்காக இந்த ஊசியைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் இந்தியாவின் விதி கென்யா முழுவதையும் ஒரே நாடாகத்தான் பார்க்கிறது. கென்யாவிலிருந்து புறப்பட்டு 6 நாளுக்குள் இந்தியா வந்து இறங்குகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் சான்று இல்லையென்றால், அந்த 6 நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். போகும்போது ஒரு தடையும் இருந்திராது, திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். இலங்கையும் 9 மாதம் நிரம்பியவர்களிடம் இந்தச் சான்றைக் கேட்கிறது.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுவதற்கும் அதுவே போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருப்பதால் இத்தகைய மையங்களில் நாள் குறித்து, ஆள் சேர்த்துத்தான் திறப்பார்கள். ஆகவே ஒரு மாதம் முன்பே பதியுங்கள். எம்.எம்.ஆர். போன்ற உயிர்த் தடுப்பூசி போட்டிருந்தால் 4 வார இடைவெளி விடுவது நல்லது. முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 9 மாதம் நிரம்பாத குழந்தைக்கு வழக்கமாக இந்த ஊசி இல்லை. 6 மாதத்துக்குக் கீழே இந்திய விதியில் விலக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வயதென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

கே: மகனுக்கு 6 வயது, 19 கிலோ. மலேரியாவுக்கு மாத்திரை அவசியமா? நிலவேம்புக் குடிநீர் போதாதா? (வாசகி, கோவை)

போதாது. அந்தக் கரையில் பரவுவது ஃபால்சிபாரம் வகை. சிறு குழந்தையை ஓரிரு நாளிலேயே மூளைவரை தாக்கக்கூடியது. குளோரோகுவினுக்கும் அது கட்டுப்படாது.

மருத்துவர் பெரும்பாலும் அட்டோவாக்குவோன்-ப்ரோகுவானில் எழுதுவார். போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, அங்கிருக்கும் நாளெல்லாம் தினம் ஒரு வேளை, திரும்பிய பின் 7 நாள். 11 முதல் 20 கிலோவரை குழந்தை மாத்திரை ஒன்று, அதாவது பெரியவர் மாத்திரையில் கால் பங்கு. நம் ஊர்க் கடைகளில் இது எளிதில் கிடைக்காது, குழந்தை அளவு அதைவிட அரிது. பெரியவர் மாத்திரைதான் கிடைத்ததென்றால் வீட்டில் கத்தியால் வெட்டாதீர்கள். மருந்தாளுநரிடம் கொடுத்து அளவாகப் பிரித்து வாங்குங்கள். பாலோடு அல்லது கொழுப்புள்ள உணவோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது. கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவு மறுபடி.

மெஃப்ளோகுவின் வாரம் ஒரு முறைதான். ஆனால் 2 வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும். வலிப்பு வந்த குழந்தைக்குக் கூடாது. டாக்சிசைக்ளின் 8 வயதுக்கு மேல்தான்.

மாத்திரை இருக்கிறதென்று கொசுவலையை விட்டுவிடாதீர்கள். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். மொம்பாசாவில் டெங்குவும் உண்டு, அந்தக் கொசு பகலில் கடிக்கும். ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் 'கென்யா போய்வந்தோம்' என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் பார்ப்பதில்தான் உயிர் போகிறது.

கே: நானும் கணவரும் ஆசிரியர்கள். மலிந்தியில் ஓர் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் பாடம் சொல்லித்தர ஆசை. பத்து வயது மகளும் வருவாள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. சேரலாமா? (வாசகி, ஈரோடு)

உங்கள் மனம் நல்லது. அதனாலேயே நேராகச் சொல்கிறோம்: அநாதை இல்லம் வேண்டாம்.

அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால், பள்ளிச் செலவுக்கு வழியில்லாமல் விடப்பட்டவர்கள். பணம் கட்டி வரும் வெளிநாட்டுத் தொண்டர் ஒவ்வொருவரும், கட்டில்கள் நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமாகிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால், யாரிடமும் ஒட்ட முடியாமலோ, கண்ட யாரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டோ வளர்கிறது குழந்தை. இரண்டாவது நிலை ஆபத்தானது. சுற்றுலா ஊர்களான மலிந்தி, தியானி, மொம்பாசாவில் சிறுவர்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குவது நெடுநாளாக உள்ள கொடுமை. இதைப் பற்றி 2006-இலேயே யூனிசெஃப் ஆய்வு வெளியிட்டது.

கென்ய அரசும் இதே திசையில் நகர்ந்துவிட்டது. 2017-இல் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது. 2022-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டு, இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டமும் தொடங்கியது.

விசா விஷயமும் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதிதான். கட்டணம் 30 டாலர் அளவில், கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். அந்த அனுமதி சுற்றிப் பார்ப்பதற்குத்தான். சம்பளம் வாங்காத வேலையும் அங்கே வேலைதான். அதற்குத் தனிப் பாஸ் வேண்டும், உங்களை அழைக்கும் அமைப்புதான் குடிவரவுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். 'சுற்றுலா அனுமதியிலேயே வாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்' என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள்.

விலக வேண்டிய அறிகுறிகள் வேறு சிலவும் உண்டு. காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்காமலே சேர்ப்பார்கள். குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்காது. விளம்பரப் படங்களில் பிள்ளைகளின் முகமும் பெயரும் துயரக் கதையும் சேர்ந்தே வரும். கட்டிய பணத்தில் எவ்வளவு உள்ளூருக்குப் போகிறது என்ற கேள்விக்குப் பதில் வராது.

ஆசிரியர்களான உங்களுக்குப் பொருத்தமான வேலை வேறு இருக்கிறது: வகுப்பு எடுப்பதைவிட, அங்குள்ள ஆசிரியருக்குத் துணையாக இருப்பது. ஒரு அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் எழுத்து மூலமான அழைப்பு, மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல், பாஸ் ஆகியவை கைக்கு வந்த பின், செலவு குறைந்த அறிவியல் சோதனைகளையும் கணிதக் கருவிகளையும் ஆசிரியர்களோடு சேர்ந்து செய்து கொடுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அது அந்தப் பள்ளியில் நிற்கும். தொடங்குமுன் அவர்களுடைய பாடத்திட்டத்தைப் படியுங்கள். திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் அங்கே 2019 முதல் படிப்படியாக வந்திருக்கிறது. நம் ஊர்ப் பாடநூலைத் தூக்கிக்கொண்டு போனால் பொருந்தாது.

பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. கென்யாவின் 2019 தகவல் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் விவரங்களுக்குத் தனிக் காப்பு தருகிறது. ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பதாக ஐயம் வந்தால் 116 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

கே: அப்படியானால் மகள் பங்கெடுக்க என்னதான் இருக்கிறது? (அதே வாசகியின் துணைக் கேள்வி)

நிறைய. 18 வயதுக்குக் கீழே பல அமைப்புகள் தொண்டராகச் சேர்ப்பதில்லை; பார்வையாளராகப் பெற்றோரோடு போவதற்குத் தடையில்லை.

மொம்பாசாவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் காசி விரிகுடா. அங்கே ஊர்மக்களே நடத்தும் 'மிகோகோ பமோஜா' திட்டம் 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டைக் காத்து, அது உறிஞ்சி வைக்கும் கரியமில வாயுவுக்கான கணக்கை, அதாவது கரிம வரவை விற்று, வரும் பணத்தில் குடிநீரும் பள்ளித் தேவைகளும் செய்துகொள்கிறது. உலகில் இவ்வகைத் திட்டங்களுக்கு முன்னோடி இது. பிச்சாவரம் பார்த்த பிள்ளைக்கு இந்தக் காடு அந்நியமாக இருக்காது, இரண்டு காடுகளிலும் ஒரே இன மரங்கள் சில உண்டு. காசிப் பெண்கள் குழு நடத்தும் மரப்பாலத்தில் நுழைவுக் கட்டணம் கொடுத்து நடந்து பார்க்கலாம். கன்று நடும் நாளாக இருந்தால் மகளும் நடலாம். நீண்ட காய்போன்ற முளைக்குருத்தை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறங்கும்படி நேராகக் குத்துவார்கள். தலைகீழாக நட்டால் போயிற்று. அலை வேகமாக அடிக்கும் மணலில் நட்டாலும் நிற்காது. ஓட்டுயிரிகள் ஒட்டி, மணல் மூடிச் செத்துவிடும். இடத்தை உள்ளூர்க்காரர்தான் காட்ட வேண்டும்.

வட்டாமுவில் ஆமை மீட்பு மையம் இருக்கிறது. மீனவர் வலையில் தவறிச் சிக்கிய ஆமையைப் பற்றித் தகவல் சொன்னால், அவருடைய நேரத்துக்கும் செலவுக்கும் சிறு தொகை கொடுத்து, ஆமையை அளந்து, அடையாளமிட்டுக் கடலில் விடுகிறார்கள். மகள் கண் விரியப் பார்ப்பாள்.

கே: பேனா, மிட்டாய், பழைய உடைகள் கொண்டுபோகலாமா? (வாசகர், புதுச்சேரி)

தெருவில் கொடுக்காதீர்கள். கொடுத்த அன்றிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் கடற்கரையில் கையேந்தி நிற்பார்கள். பள்ளிக்குச் சீருடை தேவையென்றால் அந்தந்தப் பள்ளியின் நிறத்தில் உள்ளூர்த் தையல்காரரிடமே தைக்கச் சொல்லித் தலைமையாசிரியர் கையில் கொடுங்கள். மாதவிடாய் அணையாடை பல பள்ளிகளில் உண்மையான தேவை; மொம்பாசாவிலேயே வாங்கலாம். பிளாஸ்டிக் பைகளில் சாமான் கட்டிக்கொண்டு போகவே வேண்டாம். 2017 ஆகஸ்ட் 28 முதல் கைப்பிடிப் பைகளுக்கு நாடு முழுதும் தடை.

கே: நைரோபியிலிருந்து கடலோரத்துக்கு எப்படிப் போவது? (வாசகர், சேலம்)

ரயில்தான் பிள்ளைகளுக்கு நல்லது. நைரோபி சியோகிமாவ் நிலையத்திலிருந்து மொம்பாசா மிரிடினிவரை ஐந்தாறு மணி நேரம். சாவோ பூங்கா வழியே போகும். ஜன்னலோரம் கிடைத்தால் யானை தெரியும். மோப்ப நாய்ச் சோதனைக்குச் சாமான்களை வரிசையில் வைக்க வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது.

தியானிக்குப் போக லிகோனி படகுத் துறையைத் தாண்ட வேண்டும். 2019-இல் ஒரு கார் படகின் சரிவுப் பலகையிலிருந்து பின்னோக்கிச் சறுக்கிக் கடலில் விழுந்து, உள்ளே இருந்த தாயும் சிறு மகளும் இறந்தார்கள். படகில் காருக்குள் உட்காராமல் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்து நில்லுங்கள். டோங்கோ குண்டு புறவழிச் சாலை வழியாக வரும்படி ஓட்டுநரிடம் சொன்னால் படகே வேண்டாம். 'மட்டாட்டு' வேன்களில் குழந்தை இருக்கை கிடையாது, 'போடா போடா' மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றவே ஏற்றாதீர்கள். உள்ளூர்க்காரர் வாய்மொழியாக நேரம் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்: சுவாஹிலி வழக்கில் விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள், அவர்களுடைய ஒரு மணி நமக்குக் காலை ஏழு.

லாமுவுக்குத் தரை வழி வேண்டாம், பாதுகாப்பு இல்லை. மாண்டா தீவு விமானத் திடலுக்குப் பறந்து போங்கள். புறப்படும் வாரத்தில் அரசுகளின் பயண எச்சரிக்கையையும் பாருங்கள்.

கே: கடலில் பிள்ளைகளை விடலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பவளத் திட்டு அலையைத் தடுப்பதால் உள்பக்கம் பெரும்பாலும் அமைதிதான். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் 3 மீட்டருக்கு மேல் போகும். நீர் வடிந்ததும் திட்டுவரை நடந்துபோன குடும்பங்கள், திரும்பும்போது நடுவில் உள்ள பள்ளங்கள் நிரம்பிவிட்டதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். விடுதியில் ஓத அட்டவணை கேட்டு, நீர் மிகக் குறைந்த நேரத்துக்கு முன்பே கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். கடல் முள்ளெலி குத்தும், ரப்பர் அடிப்பாகமுள்ள நீர்ச்செருப்பு கட்டாயம். கல்மீன் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குளம், ஆறு, கசத்தில் குளிக்கவிட வேண்டாம். நத்தை வழி பரவும் ஒட்டுண்ணி தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கே: சைவ உணவு கிடைக்குமா? (வாசகர், கும்பகோணம்)

கிடைக்கும், ருசியாகவே. தேங்காய்ப் பாலில் வெந்த துவரை 'ம்பாசி', அதோடு 'மஹம்ரி' என்ற பொரித்த ரொட்டி, அதுதான் கடலோரத்தின் காலைப் பலகாரம். தேங்காய்ப் பால் சோறு, சப்பாத்தி, அவரை விதைக் குழம்பு எல்லா ஊரிலும் உண்டு. குழம்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.