சார்ஜும் ஏறல, லேப்டாப்பும் ஸ்லோவா? மதர்போர்டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி அந்த நடுப் பின்னைப் பாருங்க

திண்டுக்கல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வீட்ல இருந்தே நாலஞ்சு கடைக்கு டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி ஃபைலிங் பண்றவரு. "அண்ணே, லேப்டாப் வாங்கி ஆறு வருசம் ஆச்சு. பத்து நாளா பேட்டரி 0%லயே நிக்குது, 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்'னு காட்டுது. சார்ஜர் மாட்டியிருந்தா ஓடுது, கழட்டுனா பட்டுன்னு அணைஞ்சிடுது. டைப் பண்ணா ரெண்டு செகண்ட் கழிச்சுதான் எழுத்து வருது. ஆன் பண்றப்ப இங்கிலீஷ்ல என்னமோ மெசேஜ் வருது, எஃப்1 அமுக்கிட்டு உள்ள போயிருவேன். கடைல காட்டுனா மதர்போர்டு போச்சு 14,500ங்குறாங்க, ஸ்லோவுக்கு தனியா எஸ்எஸ்டியும் ராமும் போடணுமாம். 20ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டாகணும், என்ன பண்றது?"

தம்பி, அந்தக் கடைக்கு இப்போதைக்கு எதுக்கும் ஓகே சொல்லாதீங்க. உங்களுக்கு ரெண்டு கம்ப்ளைன்ட் இல்ல, பெரும்பாலும் ஒண்ணுதான். நீங்க எஃப்1 அமுக்கித் தள்ளிவிட்டுப் போன அந்த மெசேஜ்லயே விஷயம் இருக்கு. இன்னொரு தடவை ஆன் பண்றப்ப போன்ல ஃபோட்டோ எடுத்து நிதானமா படிங்க. அடாப்டர் எத்தனை வாட்ஸ், என்ன டைப்புன்னு தெரியல, பேட்டரி சார்ஜ் ஆகாம போகலாம், கெடைக்கிற பவருக்குத் தக்கன ஸ்பீடைக் குறைச்சுக்கிறேன்னு இருக்கும். சார்ஜ் ஏறாததும் ஸ்லோவும் ஒரே மெசேஜ்ல வந்துருச்சு பாருங்க.

ஏன் இப்படின்னா, டெல், ஹெச்பி மாதிரி நெறைய கம்பெனியோட உருண்டை முனை சார்ஜர்ல முனைக்குள்ள நடுவுல ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். கரண்ட் அது வழியா வர்றது இல்ல. நான் 65 வாட்ஸ் அடாப்டர், நான் 90 வாட்ஸ்னு லேப்டாப்புக்கு அடையாளம் சொல்றதுக்கு மட்டும்தான் அந்தப் பின். அதுக்குப் போற வயர் தலைமுடி கணக்கா மெலிசு. நாம தெனமும் சார்ஜரைச் சுத்திச் சுத்தி பைல வைக்கிறோம், கழுத்துப் பக்கம் மடங்கி மடங்கி மொதல்ல அறுந்து போறது அந்த வயர்தான். கரண்ட் வர்ற வயர் நல்லாருக்கும், அதனால லேப்டாப் ஆன் ஆகும். ஆனா வந்தது யாருன்னு தெரியாததால பேட்டரிக்குக் கரண்ட் குடுக்காது, ப்ராசஸரையும் இறுக்கிப் பிடிச்சிரும்.

இதை நீங்களே பாத்துக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் சிபியு. கீழ ஸ்பீட்னு ஒரு நம்பர் ஓடும். வேலை குடுத்தா அது 2, 3 ஜிகாஹெர்ட்ஸ்னு ஏறி எறங்கணும். என்ன பண்ணாலும் 0.39, 0.78 மாதிரி ஒரு நம்பர்லயே ஒட்டிக்கிட்டு நின்னா ராமும் எஸ்எஸ்டியும் எத்தனை மாத்துனாலும் பிரயோசனம் இல்ல. அடுத்து ரீஸ்டார்ட் பண்ணி எஃப்2 அமுக்கி பயாஸ் உள்ள போங்க (சில கம்பெனில எஃப்10), விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் பக்கம் அது. டெல் மாதிரி பல மாடல்ல அங்க பேட்டரி பக்கத்துல அடாப்டர் எத்தனை வாட்ஸ்னு காட்டும். 65ன்னு வந்தா அடாப்டர் சரி, தெரியலன்னோ ஒண்ணுமே இல்லன்னோ வந்தா நான் சொன்ன கேஸ்தான்.

அதுக்கு முன்னாடி பைசா செலவில்லாத ஒரு வேலை. சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, அப்புறம் மாட்டிப் பாருங்க, சில நேரம் அதுலயே சரியாயிரும். ஆகலன்னா போன் டார்ச் அடிச்சு சார்ஜர் முனைக்குள்ள பாருங்க, நடுப் பின் வளைஞ்சிருக்கா, உள்ள போயிருச்சா. அதுவும் நல்லாருந்தா இதே கம்பெனி, இதே முனை, இதே வோல்ட் உள்ள ஒரிஜினல் சார்ஜரை ஃப்ரெண்டுகிட்ட ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க. ஸ்டிக்கர்ல அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்ப்னு இருந்தா பெருக்குனா 65 வாட்ஸ். வோல்ட் மாறவே கூடாது, ஆம்ப் கூட இருக்கலாம், கொறைய இருக்கக் கூடாது. அந்தச் சார்ஜர்ல ஏறுச்சுன்னா உங்க சார்ஜர்தான் போயிருக்கு. அதுலயும் ஏறலன்னா அடுத்த சந்தேகம் லேப்டாப்ல சார்ஜர் சொருகுற ஓட்டை, அதாவது டிசி ஜாக், நெறைய மாடல்ல அது வயரோட தனியா வர்ற சின்ன பார்ட், போர்டுல சொருகியிருக்கும், நாலு ஸ்க்ரூ கழட்டி மாத்துற வேலை. அதுக்கு யாராச்சும் மதர்போர்டு கணக்குச் சொன்னா கேக்கவே கஷ்டமா இருக்கு எனக்கு.

போன வருசம் ஒரு காலேஜ் பொண்ணு இதே மாதிரி வந்துச்சு, ஒரு கடைல போர்டு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்த சீட்டோட. என் டேபிள்ல இருந்த சார்ஜரை மாட்டி பயாஸ்ல போய்ப் பாத்தேன், 65 வாட்ஸ்னு வந்துச்சு, சைடுல சார்ஜ் ஏறுற ஆரஞ்சு லைட்டும் வந்துருச்சு. வேற எதையும் நான் தொடவே இல்ல. அவங்க அப்பா அந்தப் போர்டுக்குன்னு வட்டிக்கு வாங்கின பணத்தைக் கைல வெச்சுக்கிட்டு நின்னாரு. எனக்கு அன்னைக்கு வேலையே ஓடல.

சரி, சார்ஜர் வாங்கப் போறீங்க, இங்கதான் அடுத்த குழி. கம்பெனி பேரையே அச்சடிச்சு, ஹோலோகிராம் ஒட்டி டூப்ளிகேட் வருது, 'சேம் டு சேம் சார், அதே ஃபேக்டரி'ம்பாங்க. அதுல பலதுல அடையாளம் சொல்ற சில்லு தரமா இருக்காது, ரெண்டு மாசத்துல திரும்ப அதே மெசேஜ். கைல தூக்கிப் பாத்தாலே தெரியும், பழைய ஒரிஜினலை விட லேசா இருக்கும், உள்ள போட வேண்டியதைப் போடலன்னு அர்த்தம். நம்ம நாட்டுல விக்கிற அடாப்டருக்கு பிஐஎஸ் (மத்திய அரசோட தரச் சான்று அமைப்பு) ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம். ஸ்டிக்கர்ல ஆர்னு ஆரம்பிச்சு எட்டு நம்பர் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல அதை அடிச்சா எந்தக் கம்பெனிக்குக் குடுத்ததுன்னு வரும். கடைல நின்னுக்கிட்டே அடிச்சுப் பாருங்க, கடைக்காரர் மொகம் மாறுனா வெளிய வந்துருங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்காதீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். கம்பெனி பேர்ல போலி நம்பர் நெறைய சுத்துது, எனிடெஸ்க் போடுங்கம்பான் (உங்க மெஷினை அவன் அங்க இருந்தே இயக்குற ஆப்), அட்வான்ஸ் அனுப்புங்கம்பான். உங்க மெஷின்ல நாலு கடையோட ஜிஎஸ்டி பாஸ்வேர்டு இருக்கு. லேப்டாப்புக்கு அடியில ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரை (டெல்லுல சர்வீஸ் டேக்ம்பாங்க) கம்பெனியோட சொந்த வெப்சைட்லயே போட்டுப் பாருங்க, அவ்வளவுதான்.

யூடியூப்ல இன்னொண்ணு சொல்லித் தர்றாங்க. த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு ஒரு டிக்கை எடுத்துட்டா ஸ்பீட் வந்துரும்னு. வரும். ஆனா அடையாளம் தெரியாத சார்ஜர் மேல முழு பாரத்தையும் ஏத்துறீங்க, அது 45 வாட்ஸ்க்கே தாங்காததா இருந்தா சூடாகி உருகும். பேட்டரியும் சார்ஜ் ஆகாது. 3பி போடுற அவசரத்துல இதைச் செஞ்சுராதீங்க.

உங்களுக்கு இது பொருந்தாது, 0%ல நிக்குது, ஆனாலும் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்லியே ஆகணும். சில பேருக்கு 60லயோ 80லயோ நின்னுரும், மேல ஏறாது. அது ரிப்பேரே இல்ல. பேட்டரி சீக்கிரம் கெடாம இருக்க லேப்டாப்பே அந்த அளவோட நிறுத்திக்குது. லெனோவால கன்சர்வேஷன் மோட்ம்பாங்க, ஆசஸ்ல பேட்டரி ஹெல்த் சார்ஜிங், டெல்லுல பவர் மேனேஜர்லயும் பயாஸ்லயும் இருக்கும். கம்பெனி ஆப் வழியா தெரியாம ஆன் ஆகியிருக்கலாம். அந்த செட்டிங்கை எடுத்துவிட்டா 100 வரைக்கும் ஏறும், எப்பவும் ப்ளக்ல வெச்சே வேலை செய்றவங்க எடுத்துவிடவும் வேணாம். இதுக்குப் போய் புது பேட்டரி போட்டவங்களைப் பாத்திருக்கேன், புது பேட்டரியும் 80லயே நிக்குதுன்னு திரும்ப வர்றாங்க. 60, 80ன்னு ஒரு நம்பர்ல நிலையா நின்னா மொதல்ல செட்டிங், அப்புறம்தான் கடை.

எனக்குக் கோவம் வர்றது கம்பெனிங்க மேல. இந்த மெசேஜை 'உங்க சார்ஜர் வயரை மாத்திப் பாருங்க'ன்னு நாலு வார்த்தைல தமிழ்ல போட எவ்வளவு நேரம் ஆகும்? 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர்னு, அதாவது ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைன்னு, ஒரு போர்ட்டல் தொறந்துச்சு. ஆனா சின்ன ஊர்ல இருக்கிறவனுக்கு ஒரு ஜாக் வயர் வேணும்னா இன்னும் ரெண்டு பஸ் மாறித்தான் போகணும். ஐரோப்பால 2026 ஏப்ரல் 28ல இருந்து புதுசா விக்கிற லேப்டாப் டைப் சி-ல சார்ஜ் ஆகணும்னு சட்டமே போட்டாங்க, இங்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு முனைய வெச்சுக்கிட்டு நாம தேடிட்டு இருக்கோம்.

பேட்டரி விஷயம் சுருக்கமா. பயாஸ்ல 65 வாட்ஸ்னு சரியா வந்தும் ரெண்டு மணி நேரத்துல 0% அசையலன்னா பெரும்பாலும் பேட்டரிதான் போயிருக்கு, ஆறு வருசத்துக்கு அது இயல்பு. செத்த பேட்டரியோட ஓடுறப்பவும் சில மாடல் ஸ்பீடைக் கொறைக்கும். டச்பேட் மேல எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ அப்பவே ஆஃப் பண்ணிருங்க, அமுக்கிப் பாக்காதீங்க, குத்தாதீங்க, 3பி-யை வேற மெஷின்ல போட்டுக்கலாம்.

கடைக்கே போக வேண்டி வந்தா, இப்ப ஸ்லோவா இருந்தாலும் பரவால்ல, இன்னைக்கு ராத்திரியே டேலி டேட்டா ஃபோல்டரை பென்டிரைவ்ல எடுத்துருங்க, டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற யூஎஸ்பி) கழட்டி வீட்ல வைங்க. ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி இருந்தா அதோட சீரியல் நம்பர், பேட்டரி நம்பர் எல்லாம் பில்லுல எழுதச் சொல்லுங்க, மாட்டேன்னா அந்தக் கடை வேணாம். நீங்க பாக்குறப்பவே மூடியக் கழட்டச் சொல்லுங்க. ஏமாத்துனா 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, அதுக்கும் அந்த பில்லுதான் வேணும். எதை மாத்துனாலும் பழைய பார்ட்டைக் கைல வாங்கிட்டு வாங்க.