வழிகாட்டி நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றால்

பார்வையற்ற உங்கள் அண்ணனின் வழிகாட்டி நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது, ஒரு மாதத்தில் வாடகை வீட்டைக் காலி செய்யுங்கள் என்று வேளச்சேரி அடுக்ககச் சங்கச் செயலாளர் சொன்னாராம். காலி செய்யச் சொல்ல அவர் யார்? 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வெளியேற்ற வேண்டுமென்றால் வீட்டு உரிமையாளர்தான் வாடகை நீதிமன்றம் போக வேண்டும். பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் நாயைத் தடை செய்யவோ லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்.

ஆனால் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘வளர்ப்புப் பிராணி கூடாது’ என்ற வரி இருந்தால் சிக்கல் அங்கேதான். வழிகாட்டி நாய்க்கென்று வாடகைச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை. உரிமையாளர் உங்கள் பக்கம்தானே? அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘ஓகே’யை நம்பி உட்காராமல், நாய்க்கு அனுமதி என்று கையெழுத்தோடு எழுதி வாங்கிவிடுங்கள்.

பிறகு சங்கத்துக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நாயின் பயிற்சிச் சான்று, ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். உரிமம் காலாவதியாகியிருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள், முதலில் புதுப்பியுங்கள். அப்படியும் மறுத்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சொல்லி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுங்கள். உரிமையாளரே மனம் மாறித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், அதற்கு வாடகை அதிகாரியிடம் போக வேண்டும்.