டியூ நின்ற வண்டியும் போலீஸ் ஸ்டேஷனும்

கேள்வி: ஃபைனான்ஸில் பைக் வாங்கினேன். வேலை போனதால் மூன்று மாத டியூ நிற்கிறது. போன வாரம் இரண்டு பேர் ரோட்டில் மறித்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்டேஷனில், ‘ஃபைனான்ஸ்காரங்க முன்னாடியே லெட்டர் கொடுத்துட்டாங்க’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். டியூ தவறினால் வண்டியை எடுக்கலாம் என்ற ஷரத்து அநேகமாக இருக்கும். அப்படி எடுப்பது குற்றமாகாது என்று ஹயர் பர்ச்சேஸ் (கடைசித் தவணை கட்டும்வரை வண்டி நிறுவனத்துக்கே சொந்தம் என்ற ஒப்பந்தம்) வண்டி ஒன்றின் வழக்கில் (மேக்மா ஃபின்கார்ப், 2020) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், அடியாட்களை வைத்துப் பிடுங்கக்கூடாது என்று 2007-இலேயே ஐசிஐசிஐ வங்கி வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்தது. உங்கள் பிடி அங்கேதான் இருக்கிறது.

ஸ்டேஷனில் கொடுத்த லெட்டர் வெறும் தகவல். வண்டி காணோம் என்று நீங்கள் புகார் கொடுத்தால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகக் கொடுத்துவைப்பது. அதில் சீல் குத்தியிருந்தாலும் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சிதானே தவிர, போலீஸ் கொடுத்த அனுமதி ஆகாது. டியூ பாக்கி சிவில் விவகாரம். கோர்ட் உத்தரவு இல்லாமல் அதற்காக வண்டியைப் பிடித்துக் கொடுக்கவோ, உங்களை உட்காரவைத்து எழுதி வாங்கவோ போலீஸுக்கு அதிகாரமே கிடையாது.

புகாரில் ‘வண்டி திருட்டு’ என்று எழுதாதீர்கள். பல புகார்கள் விழுந்துபோவது இந்த ஒரு வார்த்தையால்தான். இடம், நேரம், எத்தனை பேர், எப்படி மறித்தார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள், அடித்தார்களா என்று நடந்ததை எழுதுங்கள். வழிமறிப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 126, மிரட்டலுக்கு 351. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் கடையில் சி.சி.டி.வி. இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். வழக்குப் பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இதற்கிடையில் ஏலத்தைத் தடுப்பதுதான் அவசரம். ஸ்டேட்மென்ட், வண்டியோடு எடுத்த பொருட்களின் பட்டியல், வண்டி நிற்கும் யார்டு, கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றைக் கேட்டு நிறுவனத்துக்கு ஸ்பீடு போஸ்டிலும் இமெயிலிலும் எழுதுங்கள். நோட்டீஸ் கால அளவும், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த வாய்ப்பு எனக்குத் தரப்படவில்லை என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். சீசிங் சார்ஜ் (வண்டியைப் பிடித்ததற்கான கட்டணம்), யார்டு வாடகை கேட்டால் எந்த ஷரத்துப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம் (தொலைபேசி 14448). சிறிய ஃபைனான்ஸ்கள் பல அதில் வராது. ஏல நோட்டீஸ் வந்துவிட்டால் அந்த 30 நாளுக்குக் காத்திருக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு இடைக்கால உத்தரவும் கேளுங்கள். வண்டிக்கடன் போன்ற சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: என் லாரியை எடுக்க வக்கீல் ஒருவர் போலீஸோடு வந்தார். இது செல்லுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அவர் அட்வகேட் கமிஷனராக இருந்தால் செல்லும். மத்தியஸ்தச் சட்டம் (ஆர்பிட்ரேஷன் சட்டம்) 1996, பிரிவு 9-இன் கீழ் கோர்ட் அவரை நியமிக்கலாம். போலீஸ் பாதுகாப்புக்கும் உத்தரவிடலாம். உத்தரவைக் கையில் வாங்கி வண்டி எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் தடுக்காதீர்கள். லோடு, தார்பாய், ஸ்டெப்னி, டீசல் அளவு எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றி நகல் வாங்குங்கள். உத்தரவை மாற்றச் சொல்வதென்றால் அதே கோர்ட்டில் வக்கீல் வைத்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: ஆர்.சி. புக் என்னிடம்தான் இருக்கிறது. அது இல்லாமல் விற்க முடியாதுதானே?
– வாசகர், கரூர்

பதில்: விற்க முடியும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 51(5)-இன்படி, நீங்கள் ஆர்.சி.யைத் தர மறுத்தால் ஃபைனான்ஸ்காரர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 36 கொடுத்து, தன் பெயரில் புது ஆர்.சி. கேட்கலாம். ஆர்.டி.ஓ. உங்கள் விளக்கம் கேட்டுத் தபால் அனுப்புவார், அதுவும் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு. வீடு மாறியிருந்தால் அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராமலேயே போகும். முகவரியை உடனே மாற்றிவிடுங்கள்.