சிறுபான்மையினர் கல்லூரிகளில் இருப்பவர்கள் மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆய்வுக்கு நிதி கேட்பது எப்படி?

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளிலும், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழிவந்த) மாணவர்கள் அதிகம் படிக்கும் பல்கலைக்கழகங்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர் பாடம் நடத்துகிறார்கள். இப்படிப்பட்டவற்றைத்தான் அங்கே சிறுபான்மையினர் கல்லூரிகள் என்கிறார்கள். போன மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. அதனால் இந்த முறை இந்த ஒரே விஷயம்தான்.

டெக்சாஸில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் பாதிக்கு மேல் ஹிஸ்பானிக் மாணவர்கள். மாற்றுத்திறனாளிகள் ஆய்வுக்கு எங்களைப் போன்றவர்களுக்கென்று நிதி இருக்கிறதா?

இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 21ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு, 1992 திருத்தத்தில் வந்தது. சிறுபான்மைச் சமூகங்களில் உடற்குறைபாடு அதிகமாக இருந்தும் மறுவாழ்வுச் சேவைகள் அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டு எழுதிய பிரிவு அது. அந்தச் சட்டத்தின் சில முக்கியத் தலைப்புகளில் ஒதுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைச் சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கும் பழங்குடி அமைப்புகளுக்கும் எடுத்து வைக்க வேண்டும் என்கிறது.

ஆய்வுப் பணம் பெரும்பாலும் வருவது 'நிடிலர்' என்று எல்லாரும் சொல்லும் தேசிய மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்திலிருந்து. 2014 வரை கல்வித்துறையில் இருந்தது, பிறகு சுகாதாரத் துறைக்கு மாறியது. ஒக்லஹோமாவின் ஒரே வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரியான லாங்ஸ்டன் பல்கலைக்கழகம், சிறுபான்மையினர் கல்லூரிகளின் ஆய்வுத் திறனை வளர்ப்பதற்கென்றே இந்தப் பணத்தில் ஒரு மையம் நடத்தியிருக்கிறது. முதல் தடவை விண்ணப்பிப்பவர் அவர்கள் வெளியிட்டவற்றைத் தேடிப் படிக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொரு வாசலும் உண்டு. 2023 செப்டம்பரில் என்.ஐ.எச். என்னும் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு, மாற்றுத்திறனாளிகளைச் சுகாதார ஏற்றத்தாழ்வுக்கு உள்ளான மக்கள்தொகுதியாக முறைப்படி அறிவித்தது. உங்கள் ஆய்வு மருத்துவம், உடல்நலம் பக்கம் சாய்ந்தால் அந்த அறிவிப்பை விண்ணப்பத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

நாங்கள் கலிஃபோர்னியாவில் ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கான கல்லூரி என்ற தகுதி பெற்றவர்கள். 21ஆம் பிரிவு எங்களுக்கும் பொருந்துமா?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உங்கள் தகுதிக்கு 10 சதவீத ஆசிய, பசிஃபிக் தீவு மாணவர்கள் போதும். ஆனால் 21ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள், ஹிஸ்பானிக் கல்லூரிகள், பழங்குடிக் கல்லூரிகள் ஆகிய மூன்றைத்தான். மற்றவர்கள் மொத்தச் சிறுபான்மை மாணவர் எண்ணிக்கை குறைந்தது 50 சதவீதம் இருந்தால் உள்ளே வரலாம். பதிவாளர் அலுவலகத்தில் இந்த ஆண்டுக் கணக்கை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

எங்கள் கல்லூரியில் மானிய அலுவலகம் என்றால் ஒரே ஒருவர். நான் ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடம் எடுக்கிறேன். பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகம் 'கூட்டாகச் செய்யலாம்' என்கிறது. சேரலாமா?

சேருங்கள், ஆனால் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிடுங்கள். நான் பார்த்த கூட்டுகளில் பாதி ஒரே மாதிரிதான் நடக்கும்: விண்ணப்பம் அனுப்பப் பத்து நாள் இருக்கும்போது போன் வரும், சிறிய கல்லூரியின் பெயர் உள்ளே போகும், அவர்கள் வேலை தங்கள் சமூகத்து மாற்றுத்திறனாளிகளை ஆய்வுக்குக் கூட்டி வருவது மட்டும், தரவு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், கட்டுரையில் பெயர் கடைசியில் வரும் அல்லது வராது. வீட்டுக் கதவைத் தட்டி நம்பிக்கை சம்பாதித்தது நீங்கள். ஆய்வுக் கேள்வியை முடிவு செய்யும் இடத்திலும் நீங்கள் இருக்க வேண்டும்.

அதனால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். இணை முதன்மை ஆய்வாளர் பொறுப்பு, தரவின் மீது உரிமை, உங்கள் பாடச் சுமையில் குறைந்தது ஒன்றைக் குறைக்கப் பணம். கடைசி ஒன்றைக் கேட்கத் தயங்குகிறார்கள், நான்கு பாடம் எடுத்துக்கொண்டு யாராலும் ஆய்வு செய்ய முடியாது.

மேல்செலவையும் (ஆய்வோடு நேரடியாகச் சேராத அலுவலக, கட்டடச் செலவு) விட்டுவிடாதீர்கள். அரசோடு பேசி முடிவு செய்த விகிதம் இல்லாத கல்லூரி, நேரடிச் செலவில் அதற்கென்று வரையறுத்த பகுதிக்கு 15 சதவீதம் வரை கேட்கலாம், 2024 அக்டோபருக்கு முன் இது 10ஆக இருந்தது. பழைய படிவத்தைப் பார்த்து 10 போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் சாம் இணையதளப் பதிவு, அரசு மானியம் கேட்கும் கல்லூரி அதில் பதிந்திருக்க வேண்டும். அது வருடா வருடம் காலாவதியாகும், புதுப்பிக்க வாரக்கணக்கில் ஆகலாம். மானிய அலுவலகத்தில் இருக்கும் அந்த ஒருவரிடம் இன்றைக்கே கேளுங்கள், எப்போது முடிகிறது என்று.

ஆலோசனைக் குழுவில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்து மதிப்பூதியம் தர நினைக்கிறோம். ஒருவர் 'எனக்குப் பணம் வேண்டாம்' என்கிறார். ஏன்?

அவர் எஸ்.எஸ்.ஐ. என்னும், வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் அரசு தரும் மாத உதவித்தொகை வாங்குபவராக இருக்கலாம், அவர் பயம் நியாயமானது. மதிப்பூதியத்தை உழைத்த வருமானமாகக் கணக்கு வைப்பார்கள். வேறு வருமானம் இல்லாதவருக்கு மாதம் முதல் 85 டாலரை விட்டுவிட்டு, மீதியில் பாதியை உதவியிலிருந்து கழிப்பார்கள், 185 டாலர் கொடுத்தால் 50 டாலர் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை, கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989இலிருந்து அந்த வரம்பு மாறவே இல்லை, எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது. ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் பிரித்துக் கொடுங்கள், எவ்வளவு என்று முன்கூட்டியே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், உதவித்தொகை விதிகள் தெரிந்த பலன் ஆலோசகர் ஒருவரின் உதவியும் எடுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர், நேரடி எழுத்துரை, வண்டிச் செலவு எல்லாம் பட்ஜெட்டில் தனி வரியாக வரட்டும். கூட்டம் நடக்கும் நாளில் யோசித்தால் கிடைக்காது.

2025இல் சிறுபான்மையினர் கல்லூரி நிதி நிறுத்தப்பட்டது என்று படித்தேன். இனி விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?

2025 செப்டம்பரில் கல்வித்துறை நிறுத்தியது ஹிஸ்பானிக், ஆசிய அமெரிக்கக் கல்லூரிகள் உள்ளிட்ட சில திட்டங்களின் விருப்ப ஒதுக்கீட்டை (சட்டம் கட்டாயமாக்காத பணம்), சுமார் 35 கோடி டாலர். வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளும் பழங்குடிக் கல்லூரிகளும் அதில் இல்லை. நான் மேலே சொன்ன ஆய்வுப் பணம் வேறு சட்டம், வேறு துறை. ஆனால் நிடிலர் இருக்கும் சமூக வாழ்வு நிர்வாகத்தைக் கலைத்துப் பிரிப்பதாக அதே ஆண்டு மார்ச்சில் சுகாதாரத் துறை அறிவித்தது, அதனால் பழைய அறிவிப்பை நம்பி எழுதாதீர்கள். புதிய அறிவிப்பில் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்து, சந்தேகத்தை அதில் குறிப்பிட்டிருக்கும் திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்வார்கள், அது அவர்கள் வேலை.

நான் எச்1பி விசாவில் உதவிப் பேராசிரியர். முதன்மை ஆய்வாளராக முடியுமா?

பெரும்பாலான ஆய்வு மானியங்களில் முடியும், ஏனென்றால் விண்ணப்பதாரர் உங்கள் கல்லூரி, நீங்கள் அல்ல. என்.ஐ.எச்.சின் ஆர் வகை ஆய்வு மானியங்களுக்குக் குடியுரிமை தேவையில்லை. பயிற்சிக்கான எஃப் வகை உதவித்தொகைகளில் பெரும்பாலானவற்றுக்கும், ஆய்வாளரை வளர்க்கும் கே01 போன்ற மானியங்களுக்கும் பச்சை அட்டையாவது வேண்டும், கே வகையில் கே99 விதிவிலக்கு.