பேப் ரூத்துக்கு முன்னால் யார்?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத் வருவதற்கு முன்பு, ஹோம் ரன் (ஒரே அடியில் நான்கு பேஸையும், அதாவது ஓட்டப் புள்ளிகளையும், சுற்றி வருவது) மன்னன் யார்?

பதில்: ஒரே சீசன் கணக்கென்றால் நெட் வில்லியம்சன். 1884-ல் சிகாகோ அணிக்காக 27 ஹோம் ரன். ஆனால் அந்த அணியின் சொந்த மைதானத்தில் இடதுபக்க வேலி 180 அடியில்தான் இருந்தது! முந்தைய ஆண்டு அதைத் தாண்டிய பந்துக்கு ஹோம் ரன் இல்லை, இரண்டு பேஸ்தான் கொடுத்தார்கள். 27-ல் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. 1919-ல் ரூத் 29 அடிக்கும்வரை அதுவே சாதனை.

என் ஓட்டு ரோஜர் கானருக்குத்தான். 18 சீசன்களில் மொத்தம் 138 ஹோம் ரன். கூடவே, அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரை ஓடியவை 233! ஆறடி மூன்றங்குல ஆள் அப்படி ஓடியிருக்கிறார் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது. மொத்த ஹோம் ரன் கணக்கில் 1921-ல்தான் ரூத் அவரை முந்தினார். பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் கானரைச் சேர்த்தது 1976-ல், அவர் இறந்து 45 ஆண்டு கழித்து. ரொம்பத் தாமதம்.